‘அப்பா, பிரார்த்தனையில என்ன சொல்வீங்க?’ இளைய தலைமுறையின் நம்பிக்கையும் விழுமியங்களும்

நண்பர் ஒருவரின் வீட்டில் நடந்தது. அவருடைய மகளுக்குப் பத்தொன்பது வயது. ஒரு நாள் காலையில் அவர் பிரார்த்தனையை முடித்து எழுந்தபோது, கதவோரம் நின்றிருந்த மகள் கேட்டாள்: “அப்பா, கண்ணை மூடிக்கிட்டு உட்கார்ந்திருக்கீங்களே, அப்போ மனசுக்குள்ள என்ன சொல்வீங்க?”

நண்பர் திகைத்துப்போனார். நாற்பது ஆண்டுக்கு மேலாக ஒரு நாள் தவறாமல் செய்துவரும் காரியம் அது. சிறுவயதில் அவருடைய அப்பா சொல்லிக்கொடுத்த அதே வரிகள்தான் இன்றும். உள்ளே என்ன நடக்கிறது என்று இதுவரை யாரும் அவரைக் கேட்டதில்லை, அவரும் தன்னைக் கேட்டுக்கொண்டதில்லை. “இதெல்லாம் ஒரு கேள்வியா? முதல்ல நீ உட்கார்ந்து பண்ணு, தானா புரியும்” என்று குரலை உயர்த்திவிட்டார். மகள் ஒன்றும் பேசாமல் போய்விட்டாள். அதற்குப் பிறகு அந்த நேரத்தில் அந்த அறைப் பக்கமே அவள் வருவதில்லை.

“பொண்ணுக்கு நம்பிக்கையே போயிடுச்சுப்பா” என்று சொல்லும்போது அவர் கண் கலங்கியிருந்தது. அவர் எந்த மதத்தவர் என்பதை வேண்டுமென்றேதான் எழுதவில்லை. எந்த மதத்துக் குடும்பத்திலும் இது நடக்கலாம், நடந்துகொண்டும் இருக்கிறது. ஆனால் அவர் சொன்னது எனக்கு ஒப்பவில்லை. நம்பிக்கை அறவே போனவள் அந்தக் கேள்வியைக் கேட்டிருக்க மாட்டாள். அப்பா எழுந்திரிக்கும்வரை கதவோரம் காத்து நின்றிருக்கவும் மாட்டாள்.

தமிழில் ‘நம்பிக்கை’ என்ற ஒரே சொல் பல சுமைகளைத் தாங்குகிறது. கடவுள் இருக்கிறார் என்பதும் நம்பிக்கை. இந்த மனிதர் சொன்ன சொல் தவறமாட்டார் என்பதும் நம்பிக்கை. இன்று எப்படிப் போனாலும் நாளை விடியும் என்பதும் நம்பிக்கைதான். கிறிஸ்தவர்கள் விசுவாசம் என்பார்கள், முஸ்லிம்கள் ஈமான் என்பார்கள், இந்துக்கள் பக்தி என்பார்கள். வீட்டுப் பேச்சில் எல்லாம் நம்பிக்கைக்குள் வந்துவிடும். பிள்ளைக்கு நம்பிக்கை போய்விட்டது என்று பெற்றோர் அழும்போது முதல் பொருளை மனத்தில் வைத்து அழுகிறார்கள். இளையவர்கள் பேசுவதைப் பொறுமையாகக் கேட்டால் அடிபட்டிருப்பது பெரும்பாலும் மற்ற இரண்டும் என்று தெரியும்: யாரை நம்புவது, எதை நம்பி நாளையை எதிர்கொள்வது. இந்த மூன்றையும் பிரித்துப் பார்க்காமல் இன்றைய இளையோரைப் பற்றி எந்த முடிவுக்கும் வர முடியாது என்பது என் உறுதியான கருத்து.

யார் இந்த இளைய தலைமுறை?

1997 முதல் 2012 வரை பிறந்தவர்களை ‘ஜென் இசட்’ என்று அழைக்கும் வழக்கம் பரவியிருக்கிறது. அமெரிக்காவின் பியூ ஆய்வு மையம் வகுத்துக்கொண்ட எல்லை அது. ஆண்டுக்கணக்கு ஒரு வசதிக்காக மட்டுமே. 1996 டிசம்பரில் பிறந்தவருக்கும் 1997 ஜனவரியில் பிறந்தவருக்கும் இடையே சுவர் ஒன்றும் எழும்பிவிடவில்லை. சமூகவியலாளர் கார்ல் மன்ஹைம் 1928லேயே இதைத் தெளிவாக எழுதினார். ஒரே காலத்தில் பிறந்தது மட்டும் ஒரு தலைமுறையை உருவாக்காது. மனம் இளகியிருக்கும் பருவத்தில் ஒரே வகையான வரலாற்று அதிர்ச்சிகளுக்கு ஆளாவதுதான் உருவாக்கும் என்பது அவர் வாதம். இன்று இருபதுகளில் இருப்பவர்களுக்கு அந்த அதிர்ச்சிகள் எவை என்று சொல்வது கடினமில்லை. கையில் வந்து ஒட்டிக்கொண்ட தொலைபேசி, பள்ளியையும் கல்லூரியையும் இழுத்து மூடிய 2020ஆம் ஆண்டின் பெருந்தொற்று, ஆண்டுக்கு ஆண்டு கூடிவரும் வெப்பம்.

இன்னொரு சிக்கலும் உண்டு. இருபது வயதுக்காரர் ஒருவர் வழிபாட்டுக்குப் போவதில்லை என்றால் அதற்கு மூன்று விளக்கங்கள் சொல்லலாம். வயதுக்கோளாறு, கல்யாணமாகிக் குழந்தை பிறந்தால் திரும்பிவிடுவார் என்பது ஒன்று. காலம் அப்படி, எல்லா வயதினருமே மாறிக்கொண்டிருக்கிறார்கள் என்பது இரண்டாவது. இந்தத் தலைமுறையே வேறு, முதுமையிலும் இப்படித்தான் இருக்கும் என்பது மூன்றாவது. ஒரே ஒரு ஆண்டின் கணக்கெடுப்பைக் கையில் வைத்துக்கொண்டு இந்த மூன்றில் எது உண்மை என்று சொல்லிவிட முடியாது. பல பத்தாண்டுகள் ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டால்தான் ஓரளவு பிடிபடும். செய்திகளில் வரும் ‘இளைஞர்கள் மதத்தைத் துறக்கிறார்கள்’ என்ற தலைப்பும், ‘இளைஞர்கள் ஆன்மிகத்துக்குத் திரும்புகிறார்கள்’ என்ற தலைப்பும் பெரும்பாலும் இந்தப் பொறுமை இல்லாமல் எழுதப்பட்டவை.

இளைஞர்கள் கெட்டுவிட்டார்கள் என்ற புலம்பலுக்கும் இங்கேயே ஒரு வார்த்தை. இன்றைய பிள்ளைகள் சொகுசை விரும்புகிறார்கள், பெரியவர்களை மதிப்பதில்லை, ஆசிரியரை எதிர்த்துப் பேசுகிறார்கள் என்று சாக்ரடீஸ் சொன்னதாக ஒரு வாசகம் நெடுங்காலமாகச் சுற்றிவருகிறது. அவர் அப்படிச் சொன்னதற்குச் சான்று இல்லை. பழங்கால கிரேக்கக் கல்வியைப் பற்றி கேம்பிரிட்ஜ் மாணவர் கென்னத் ஜான் ஃப்ரீமன் எழுதி 1907இல் வெளியான ஆய்வேட்டில், அக்காலப் புகார்களைத் தன் சொந்த நடையில் தொகுத்துக் கொடுத்திருந்தார். அதுவே பின்னால் சாக்ரடீஸின் வாய்க்குப் போய்விட்டது. அந்தப் புலம்பலை எழுதியவருக்கே அப்போது இருபது சொச்சம் வயதுதான்.

எண்கள் சொல்வது

பியூ மையம் 2018இல் 106 நாடுகளின் தரவுகளை ஒன்றுசேர்த்து வெளியிட்டது. நாற்பது வயதுக்குக் கீழே, மேலே என இரண்டாகப் பிரித்து, ‘மதம் உங்கள் வாழ்வில் மிக முக்கியமா’ என்ற கேள்விக்கான பதில்களை ஒப்பிட்டார்கள். 46 நாடுகளில் இளையவர்களிடம் பிடிப்பு குறைவாக இருந்தது. 58 நாடுகளில் சொல்லும்படியான வித்தியாசமே இல்லை. ஜார்ஜியா, கானா என்ற இரண்டு நாடுகளில் மட்டும் இளையவர்கள் பெரியவர்களைவிட அதிகப் பற்றுடன் இருந்தார்கள். பாதிக்கும் மேற்பட்ட நாடுகளில் இடைவெளி இல்லை என்பது பலருக்கு வியப்பளிக்கும். இந்தியாவில் அதே மையம் 2019 இறுதியிலும் 2020 தொடக்கத்திலும் 17 மொழிகளில் ஏறத்தாழ 30,000 பேரிடம் பேசியபோது 97 விழுக்காட்டினர் கடவுளை நம்புவதாகச் சொன்னார்கள். வயது வித்தியாசம் அங்கே பெரிதாகத் தலைகாட்டவில்லை.

மேற்கில் கதை வேறு. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 59.3 விழுக்காட்டினர் தங்களைக் கிறிஸ்தவர் என்று பதிந்தார்கள். 2021இல் அது 46.2 ஆனது. ‘மதம் இல்லை’ என்றவர்கள் 25.2இலிருந்து 37.2 விழுக்காடு ஆனார்கள். அமெரிக்காவில் ஏதாவதொரு வழிபாட்டுத்தலத்தில் உறுப்பினராக இருந்தவர்கள் 1999இல் 70 விழுக்காடு, 2020இல் 47. காலப் என்ற கருத்துக்கணிப்பு நிறுவனம் 1937 முதல் கேட்டுவரும் கேள்வி இது. பாதிக்குக் கீழே இறங்கியது அதுவே முதல் முறை. ஆனால் 2023–24இல் நடத்தப்பட்ட பியூ ஆய்வு, அங்கே கிறிஸ்தவர்களின் விழுக்காடு சில ஆண்டுகளாக 62ஐ ஒட்டியே நின்றுகொண்டிருக்கிறது, வீழ்ச்சியின் வேகம் தணிந்திருக்கிறது என்றது. நேராக இறங்கும் கோடாக இதைக் கற்பனை செய்துகொண்டவர்கள் கொஞ்சம் நிதானிக்க வேண்டிய இடம் அது.

உலகம் முழுவதையும் எடுத்துக்கொண்டால் மாற்றம் இன்னும் சிறியது. ஏதாவது ஒரு மதத்தைச் சேர்ந்தவர்கள் 2010இல் மக்கள்தொகையில் 76.7 விழுக்காடு, 2020இல் 75.8. மதப்பற்று மிகுந்த நாடுகளில் பிறப்பு விகிதம் அதிகம் என்பதால், ஒரு பக்கம் குறைவது மறுபக்கம் நிரம்பிவிடுகிறது.

இந்த எண்களுக்குள் ஒளிந்திருக்கும் விஷயம் ஒன்று எனக்கு எண்களைவிட முக்கியமாகப் படுகிறது. ‘எந்த மதமும் இல்லை’ என்று படிவத்தில் குறியிடுபவர் எல்லாரும் நாத்திகர் என்று நாம் எடுத்துக்கொள்கிறோம். 2024 தொடக்கத்தில் பியூ வெளியிட்ட ஆய்வின்படி, அமெரிக்காவில் அப்படிச் சொன்னவர்களில் நாத்திகர் 17 விழுக்காடு. உண்டா இல்லையா என்று அறிய முடியாது என்பவர்கள் 20. மீதி 63 விழுக்காட்டினர் ‘குறிப்பாக எதுவும் இல்லை’ என்றவர்கள். மொத்தத்தில் பெரும்பாலோர் கடவுளையோ ஏதோ ஒரு மேலான சக்தியையோ நம்புவதாகவே சொன்னார்கள். கடவுளோடு இவர்களுக்கு மனத்தாங்கல் இருப்பதாகத் தெரியவில்லை. கடவுளின் பெயரால் நடத்தப்படும் நிறுவனத்தில் உறுப்பினர் அட்டை வைத்திருக்கத்தான் மனமில்லை. இங்கிலாந்தின் சமூகவியலாளர் கிரேஸ் டேவி 1990களிலேயே இந்த நிலைக்கு ஒரு பெயர் வைத்தார்: சேராமலே நம்புவது. இதற்கு நேர் எதிரான நிலையும் பல நாடுகளில் பரவலாக இருக்கிறது. நம்பாமலே சேர்ந்திருப்பது. சடங்குக்கு வருவார்கள், குடும்பப் படத்தில் சிரிப்பார்கள், உள்ளே ஒன்றும் இருக்காது. பெற்றோர் இரண்டாவதைக் கண்டு நிம்மதியடைகிறார்கள், முதலாவதைக் கண்டு அஞ்சுகிறார்கள். எனக்கென்னவோ இரண்டாவதுதான் கவலையளிக்கிறது.

ஏன் இப்படி?

ரொனால்ட் இங்கிள்ஹார்ட் என்ற அரசியலறிஞர் 1970களிலிருந்து இந்தக் கேள்வியோடு வாழ்ந்தார். பஞ்சத்திலும் போரிலும் வளர்ந்தவர்கள் பாதுகாப்பையும் ஒழுங்கையும் முதலில் வைப்பார்கள். வயிறு நிறைந்து, உயிருக்கு அச்சமின்றி வளர்ந்தவர்கள் தன் விருப்பம், தன் குரல், வாழ்க்கையின் பொருள் என்று தேடத் தொடங்குவார்கள். வளரும் பருவத்தில் பதிந்தது பின்னால் எளிதில் மாறாது. எனவே ஒரு சமூகத்தின் விழுமியங்கள் ஆட்கள் மனம் மாறுவதால் மாறுவதைவிட, பழையவர் போய்ப் புதியவர் வருவதால்தான் அதிகம் மாறுகின்றன. இதுவே அவருடைய கோட்பாட்டின் சாரம். பல நாட்டு மக்களிடம் திரும்பத் திரும்பக் கேள்வி கேட்கும், 1981இல் தொடங்கிய உலக விழுமியங்கள் ஆய்வு அவருக்குக் கை கொடுத்தது.

அந்த ஆய்வு ஒரு வியப்பையும் தந்தது. 49 நாடுகளை எடுத்துப் பார்த்தபோது 1981 முதல் 2007 வரை அவற்றில் 33 நாடுகளில் மதப்பற்று கூடியிருந்தது. 2007 முதல் 2019 வரை 43 நாடுகளில் குறைந்திருந்தது. இதற்கு அவர் தந்த விளக்கம் வெறும் பணப் பெருக்கத்தோடு நிற்கவில்லை. குழந்தைகள் பாதிப் பேர் வளர்வதற்குள் இறந்துபோன காலத்தில், நிறையப் பெற்றுக்கொள்ளச் சொல்லும் விதிகள் ஒவ்வொரு சமூகத்துக்கும் தேவைப்பட்டன. பெண் வீட்டோடு இருக்க வேண்டும், மணமுறிவு கூடாது, குழந்தை பிறக்க வழியில்லாத உறவு பாவம் என்ற கட்டுப்பாடுகள் அப்படி இறுகின. பெரும்பாலான மதங்கள் அவற்றுக்குப் புனிதப் போர்வை போர்த்தின. குழந்தை மரணம் அருகியபோது அந்த விதிகளுக்கு இருந்த தேவையும் தளர்ந்தது. விதிகளைக் கைவிட்ட இளையவர்கள், அவற்றைக் காப்பதே தன் முதல் வேலை என்று நின்ற நிறுவனத்தையும் விட்டு விலகினார்கள். இதை ஒரே காரணமாக நான் ஏற்கவில்லை. ஆனால் பாலினம், திருமணம், பெண்ணின் இடம் ஆகிய கேள்விகளில்தான் இளையவர்களுக்கும் மத நிறுவனங்களுக்கும் உரசல் அதிகம் என்பதைக் கண்ணால் பார்க்கிறோமே.

தொலைபேசியைப் பற்றி நிறையப் பேசியாகிவிட்டது. ஒன்றை மட்டும் சொல்கிறேன். முன்பு ஐயம் வந்தால் கேட்க ஓர் ஆள் இருந்தார். அவர் முகம் சுளித்தால் கேள்வி அங்கேயே செத்தது. இப்போது இரவு ஒரு மணிக்குப் போர்வைக்குள் படுத்தபடி ‘செத்த பிறகு என்ன ஆகும்’, ‘பிரார்த்தனை ஏன் பலிக்கவில்லை’, ‘கடவுள் இருந்தால் குழந்தைக்கு ஏன் புற்றுநோய்’ என்று ஒரு பதினாறு வயதுப் பையன் தட்டச்சு செய்கிறான். திரை முகம் சுளிப்பதில்லை. ஆயிரம் பதில்கள் வருகின்றன. பக்தர் ஒருவர் சொல்வதும், பகுத்தறிவாளர் சொல்வதும், வெறியேற்றுபவர் சொல்வதும் ஒரே அளவு எழுத்தில், ஒன்றன்கீழ் ஒன்றாக. காலையில் அவன் வழக்கம்போலப் பள்ளிக்குக் கிளம்புவான். வீட்டில் யாருக்கும் ஒன்றும் தெரியாது.

அடுத்தது, முதிர்ச்சிக்கான வயது தள்ளிப்போனது. உளவியலாளர் ஜெஃப்ரி ஆர்னெட் 2000இல், பதினெட்டுக்கும் இருபதுகளின் நடுப்பகுதிக்கும் இடைப்பட்ட ஆண்டுகளைத் தனிப் பருவமாகவே கருத வேண்டும் என்றார். படிப்பு நீள்கிறது, நிலையான வேலை தாமதமாகிறது, திருமணம் தள்ளிப்போகிறது. குழந்தை பிறந்ததும் வழிபாட்டுக்குத் திரும்பியவர்கள் முன்பு பலர். அந்தத் திரும்பும் கட்டமே பலருக்கு இப்போது மிகத் தள்ளி வருகிறது, சிலருக்கு வருவதே இல்லை.

இரவல் வாங்கியதும் சொந்தமாக்கிக்கொண்டதும்

நண்பரின் மகளைப் புரிந்துகொள்ள எனக்கு மிகவும் உதவியது 1966இல் ஜேம்ஸ் மார்சியா என்ற உளவியலாளர் வகுத்த ஒரு பகுப்பு. ‘நான் யார்’ என்ற நெருக்கடியே இளமையின் மையம் என்று எரிக் எரிக்சன் சொன்னதை எடுத்துக்கொண்டு அவர் இரண்டு கேள்விகள் கேட்டார். இந்த இளைஞர் மாற்று வழிகளை எண்ணிப் பார்த்திருக்கிறாரா? ஏதாவது ஒன்றில் உறுதியாக நிற்கிறாரா?

எண்ணியும் பார்க்கவில்லை, நிற்கவும் இல்லை என்றால் அது சிதறிய நிலை. எண்ணிப் பார்க்காமலே பெற்றோர் கொடுத்ததை அப்படியே ஏற்று உறுதியாக நின்றால், அது முன்கூட்டியே கதவை அடைத்துக்கொண்ட நிலை. எண்ணிப் பார்த்துக்கொண்டிருக்கிறார், இன்னும் நிற்கவில்லை என்றால் தேடல் நிலை. தேடிக் கண்டு நின்றுவிட்டவர் அடைந்த நிலையில் இருக்கிறார். மார்சியா இதை வேலை, அரசியல், மதம் எல்லாவற்றுக்கும் பொருத்திப் பார்த்தார்.

பெரும்பாலான வீடுகளில் நாம் ‘நல்ல பிள்ளை’ என்று பாராட்டுவது இரண்டாவது நிலையில் இருப்பவரை. கேள்வி கேட்காது, சொன்னதைச் செய்யும். அந்த நம்பிக்கை இரவல். கொடுத்தவர் பக்கத்தில் இருக்கும்வரை தாக்குப்பிடிக்கும். வெளியூரில் படிக்கப் போய், வேறு மதத்து அறைத்தோழன் ஒருவனைப் பார்த்து, ‘இவனும் நல்லவனாகத்தான் இருக்கிறான், இவன் கடவுளும் இவன் பேச்சைக் கேட்கிறார் போலிருக்கிறதே’ என்று தோன்றும் முதல் வாரத்தில் அதில் விரிசல் விழும். விழத்தான் வேண்டும். அங்கிருந்து தேடல் நிலைக்குப் போனால்தான் கடைசியில் தன் காலில் நிற்கும் ஒரு நம்பிக்கைக்கோ, தன் காலில் நிற்கும் ஒரு மறுப்புக்கோ வந்துசேர முடியும். தேடலின் முகம் பெற்றோருக்கு எதிர்ப்பாகவும் திமிராகவும் தெரிகிறது. சில பிள்ளைகள் உண்மையிலேயே திமிராகவும் பேசுவார்கள். காலடியில் மண் நகரும்போது குரல் உயர்வது இயல்பு.

தேடலில் இருப்பவரைச் சிதறிய நிலையில் இருப்பவரோடு குழப்பிக்கொள்வதுதான் நாம் செய்யும் பெரிய தவறு. வெளியிலிருந்து பார்த்தால் இருவரும் ஒன்றுபோல: வழிபாட்டுக்கு வருவதில்லை. தேடுபவர் கேட்கிறார், வாதாடுகிறார், சில நாள் அழுகிறார். சிதறியவருக்கு எதுவும் ஒரு பொருட்டில்லை. கதவோரம் நின்று ‘என்ன சொல்வீங்க’ என்று கேட்டவள் எந்தப் பக்கம் என்று நான் சொல்லத் தேவையில்லை.

விழுமியங்கள்: எதை வைத்து அளக்கிறார்கள்

பெரியவர்கள் ஒருவரை நல்லவர் என்று சொல்லும்போது அடக்கம், கடமை, பொறுமை, பெரியோர் சொல் கேட்டல் ஆகியவற்றால் அளக்கிறார்கள். இளையவர்களின் அளவுகோலில் முதலில் வருவது வேறு: உள்ளொன்று வைத்துப் புறமொன்று பேசாமை, ஒருவரைப் பிறப்பால் தாழ்த்தாமை, விருப்பமில்லாதவரைக் கட்டாயப்படுத்தாமை. அளவுகோல் இல்லாதவர்கள் என்று இவர்களைச் சொல்வது அநியாயம். சில விஷயங்களில் இவர்கள் நம்மைவிடக் கறார். ஒரு மதத் தலைவர் குழந்தைகளிடம் தவறாக நடந்தார் என்று தெரிந்தால், ‘நிறுவனத்தின் பெயர் கெடும்’ என்று மூடிமறைப்பதை எங்கள் தலைமுறை சகித்தது. இவர்கள் சகிப்பதில்லை. அதற்கு நாம் நன்றி சொல்ல வேண்டும். மனநோயைப் பற்றி வெளிப்படையாகப் பேசும் துணிவும் இவர்களிடம்தான் கற்க வேண்டியது.

நாளை மீதான நம்பிக்கைதான் நான் முதலில் சொன்னவற்றில் மூன்றாவது. 2021இல் லான்செட் மருத்துவ இதழ்களில் ஒன்றில் வந்த ஆய்வில் இந்தியா உட்படப் பத்து நாடுகளில் 16 முதல் 25 வயது வரையிலான 10,000 பேரிடம் பருவநிலை மாற்றத்தைப் பற்றிக் கேட்டார்கள். 59 விழுக்காட்டினர் மிகவும் அல்லது அளவுகடந்த கவலையில் இருந்தார்கள். எதிர்காலம் அச்சமூட்டுகிறது என்றவர்கள் 75 விழுக்காடு. நான்கில் மூன்று பேர். 2018 ஆகஸ்டில் ஸ்வீடன் நாடாளுமன்றத்தின் எதிரே பதினைந்து வயது கிரேட்டா துன்பர்க் பதாகையுடன் தனியாக உட்கார்ந்தார். அடுத்த ஆண்டு செப்டம்பருக்குள் அவர் வயதுப் பிள்ளைகள் பல நாடுகளில் இலட்சக்கணக்கில் தெருவுக்கு வந்தார்கள். அவர்கள் பேச்சில் இருந்த கோபத்தை நாம் கவனித்தோம். ‘உங்களை நம்பினோமே’ என்ற குரலைக் கவனித்தோமா என்பது சந்தேகம். கடவுள் மேல் நம்பிக்கை, மனிதர் மேல் நம்பிக்கை, நாளை மேல் நம்பிக்கை மூன்றும் ஒரே வேரிலிருந்து நீர் குடிப்பவை. ஒன்று வாடினால் மற்றவை வாடாமல் இருக்காது.

இதனாலெல்லாம் இளையவர்கள் பக்கம் குறையே இல்லை என்று சொல்ல மாட்டேன். கிறிஸ்டியன் ஸ்மித், மெலிண்டா டென்டன் என்ற இரு ஆய்வாளர்கள் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட அமெரிக்கப் பதின்வயதினரை ஆராய்ந்து 2005இல் ஒரு முடிவுக்கு வந்தார்கள். அந்தப் பிள்ளைகள் எந்த மதத்தைச் சொல்லிக்கொண்டாலும் அவர்கள் மனத்தில் இருந்த கடவுள் ஏறக்குறைய ஒரே மாதிரிதான்: எல்லோரும் நல்லபடி நடந்துகொள்ள வேண்டும் என்று விரும்புபவர், நாம் மகிழ்ச்சியாக இருக்க வேண்டும் என்று நினைப்பவர், சிக்கல் வந்தால் மட்டும் கூப்பிடலாம், மற்ற நேரம் தூரத்தில் இருப்பார். அவர் எதையும் கேட்பதில்லை. நல்ல மனத்தோடு நம்பப்படும் இந்தக் கடவுளால் ஒரு மரணத்தின் முன்னோ பெருந்தோல்வியின் முன்னோ நிற்க முடியுமா என்பது நியாயமான கேள்வி. அந்த ஆய்வாளர்கள் அங்கேயே இன்னொன்றையும் எழுதினார்கள்: பிள்ளைகள் இதைத் தாங்களாகக் கண்டுபிடிக்கவில்லை, பெற்றோரிடமிருந்துதான் பெற்றார்கள்.

சேராமலே நம்புவதற்கும் ஒரு விலை உண்டு. வழிபாட்டுத்தலம் நம்பிக்கையை மட்டும் கொடுத்ததில்லை. நாலு பேரைக் கொடுத்தது. வீட்டில் சாவு விழுந்தால் கேட்காமலே வந்து நிற்கும் ஆட்கள், நம் வயதில்லாத நண்பர்கள், பிடிக்காதவரோடும் ஒரே வரிசையில் உட்காரும் பழக்கம். திரையில் சேரும் கூட்டம் ஒத்த கருத்தால் சேர்வது. கருத்து மாறினால் கலையும். ஒரு தவறு செய்தவரை ஒரே இரவில் ஊர்விலக்கு செய்யும், திரும்ப ஏற்கும் வழியைச் சொல்லாது. மன்னிப்பு என்ற பழைய விழுமியத்துக்கு இந்தத் தலைமுறையின் பொதுவெளியில் இடம் குறைந்துவருவது எனக்கு உண்மையிலேயே வேதனை தருகிறது. தனிமையில் தேடுபவர்களைக் குறிவைத்து, ஐயத்துக்கே இடமில்லாத பதில்களை உரத்துச் சொல்லும் குரல்களும் அதே திரையில் காத்திருக்கின்றன. எல்லாம் ஆடிக்கொண்டிருக்கும்போது ஆடாத ஒன்றைப் பிடித்துக்கொள்ள ஒரு பதினேழு வயது மனம் ஏங்குவதில் வியப்பில்லை. வெறுப்பும் அப்படி ஒரு பிடிமானமாக வந்து சேரும்.

எது கைமாறுகிறது

நம்பிக்கை ஒரு தலைமுறையிலிருந்து அடுத்ததற்கு எப்படிப் போகிறது என்பதை ஆராய்ந்தவர்களில் மானுடவியலாளர் ஜோசப் ஹென்ரிக் 2009இல் சொன்ன கருத்து எளிமையானது, வலுவானது. இந்தக் காளான் தின்னத் தகுந்தது என்று ஒருவர் சொல்கிறார். அதை நாம் நம்புவது அவர் பேச்சழகால் அல்ல, அவர் தானே தின்பதைப் பார்ப்பதால். பேச்சு மலிவு, பொய்யும் சொல்லலாம். உண்மையில் நம்பாதவர் செய்யத் துணியாத செயல்தான் நம்பிக்கையைக் கடத்துகிறது. தன் மதம் தருமத்தைச் சொல்கிறது என்று போதிக்கும் தகப்பன், தனக்கு நட்டம் வந்தபோதும் நேர்மையாக நடந்ததைப் பிள்ளை பார்த்திருந்தால் அது பதியும். சடங்கில் முன்வரிசையில் நின்றுவிட்டு, வெளியே வந்ததும் எளியவர் ஒருவரை ஏசுவதைப் பார்த்திருந்தால் அதுவும் பதியும். பிள்ளைகள் இரண்டையும் குறித்துவைத்துக்கொள்கிறார்கள்.

தெற்குக் கலிபோர்னியாவில் 1970இல் தொடங்கிய ஓர் ஆய்வு, 350க்கும் மேற்பட்ட குடும்பங்களை நான்கு தலைமுறைகளாக, மூன்றரைப் பத்தாண்டு காலம் பின்தொடர்ந்தது. அதை வழிநடத்திய வெர்ன் பெங்ட்ஸன் தேடியது ஒன்றை: எந்த வீட்டுப் பிள்ளைகள் பெற்றோரின் நம்பிக்கையில் தொடர்கிறார்கள்? வழிபாட்டில் பெற்றோர் காட்டும் முன்மாதிரி முக்கியம்தான். ஆனால் அதோடு பாசமும் இருக்க வேண்டியிருந்தது. அதிலும் அப்பா நெருக்கமானவர், அன்பானவர் என்று பிள்ளை உணர்ந்த குடும்பங்களில் நம்பிக்கை அதிகம் கைமாறியிருந்தது. கடுமையான, தொலைவில் நிற்கும் தகப்பன் எவ்வளவு பக்திமானாக இருந்தாலும் பயன் குறைவு. விலகிப்போன பிள்ளைகளிடம் பொறுமையாக, கதவைச் சாத்தாமல் இருந்த வீடுகளுக்குச் சிலர் திரும்பியும் வந்தார்கள்.

இதைப் படித்த பிறகு நண்பரிடம் ஆய்வைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. “அவ கேட்டதுக்கு உண்மையான பதில் என்ன?” என்று மட்டும் கேட்டேன். வெகுநேரம் பேசாமல் இருந்தார்.

சில வாரங்கள் கழித்து அவரே சொன்னார். ஓர் இரவு மகள் அறைக்குப் போய், கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, “அன்னைக்கு நீ கேட்டியேம்மா” என்று ஆரம்பித்திருக்கிறார். பாட்டி ஆஸ்பத்திரியில் கிடந்த இரவில் மனப்பாட வரிகள் எதுவும் நினைவுக்கு வரவில்லை என்பதையும், விடியும்வரை அம்மா, அம்மா என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்ததையும் சொல்லியிருக்கிறார். “இப்பவும் பாதி நாள் வரியெல்லாம் வாய்தான் சொல்லுது. உள்ளே உன் பேரும் தம்பி பேரும்தான் ஓடுது.”

“பாட்டி அன்னைக்குப் பொழைக்கலையே அப்பா?”

“பொழைக்கல.”

“அப்புறமும் ஏன் பண்றீங்க?”

நண்பருக்கு உடனே பதில் வரவில்லை. “தெரியலம்மா. யோசிச்சுச் சொல்றேன்” என்றிருக்கிறார். மகள் காதில் மாட்டியிருந்த இயர்போனைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, அவர் உட்கார வசதியாகக் கொஞ்சம் நகர்ந்து இடம்விட்டிருக்கிறாள்.